2012–13 எஃப்ஏ கோப்பை

2012–13 எஃப்ஏ கோப்பை என்பது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்ஏ கோப்பைப் போட்டியின் 132ஆவது பருவம் ஆகும். உலகின் மிகப் பழமையான தேசியக் கால்பந்துக் கோப்பைப் போட்டி இதுவே. இப்பருவத்தில் 758 கழகங்கள் பங்கேற்றன. 2012 ஆகத்து மாதத்தில் தொடங்கிய போட்டி, 2013 மே 11 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்ற இறுதிப்போட்டியுடன் நிறைவுற்றது. அதில் விகன் அத்லெட்டிக், மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்ற கோல் கணக்கில் வென்று தன் வரலாற்றில் முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. மூன்று நாட்களுக்குப் பின் அதே அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஒரே பருவத்தில் எஃப்ஏ கோப்பையை வென்று, முதற்பிரிவிலிருந்து தரமிறக்கப்பட்ட முதல் அணி விகன்தான்.

முந்தைய பருவத்தில் கோப்பையை வென்றிருந்த செல்சி, இம்முறை அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்று வெளியேறியது.

போட்டியின் அமைப்பு

எஃப்ஏ கோப்பை முழுக்க முழுக்க வெளியேற்று முறையில் நடைபெறும் போட்டியாகும். தோற்கும் அணி உடனே வெளியேறும். வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குச் செல்லும். லீக் போட்டியில் ஓர் அணி 38 ஆட்டங்கள் ஆடுவதால், ஒரு தோல்வியைப் பின்னர் வரும் வெற்றிகளால் ஈடுகட்டலாம். கோப்பைப் போட்டியில் அந்த வாய்ப்பு இல்லை.

2012–13 பருவத்தில் மொத்தம் 14 சுற்றுகள் இருந்தன. முதல் ஆறு சுற்றுகள் தகுதிச்சுற்றுகள். இவற்றில் தொழில்முறைப் பிரிவுகளுக்குக் கீழே உள்ள சிறு கழகங்கள் மோதின. தகுதிச்சுற்றுகளிலிருந்து தேறிய 32 அணிகளுடன், மூன்றாம் மற்றும் நான்காம் பிரிவுகளைச் சேர்ந்த 48 அணிகள் முதன்மைப் போட்டியின் முதல் சுற்றில் இணைந்தன. இரண்டு சுற்றுகள் முடிந்ததும் 80 அணிகள் 20 ஆகக் குறைந்தன. மூன்றாம் சுற்றில் பிரீமியர் லீக்கின் 20 அணிகளும் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பின் 24 அணிகளும் சேர, எண்ணிக்கை 64 ஆனது. இங்கிருந்து கோப்பையை வெல்ல ஓர் அணி ஆறு எதிரணிகளைத் தாண்ட வேண்டும்.

எந்த அணி எந்த அணியுடன் மோதும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. வலுவான அணிகளைப் பிரித்து வைக்கும் தரவரிசை முறை இப்போட்டியில் இல்லை. ஆகவே இரு பெரிய அணிகள் தொடக்கத்திலேயே மோத நேரலாம். ஒரு சிறிய அணிக்கு எளிதான பாதை அமையவும் கூடும். முதலில் பெயர் எடுக்கப்படும் அணிக்குத் தன் சொந்த அரங்கில் ஆடும் வாய்ப்பு கிடைக்கும்.

ஆட்டம் சமனில் முடிந்தால், மற்ற அணியின் அரங்கில் மறுஆட்டம் நடைபெறும் என்பது அப்போதைய விதி. அரையிறுதிக்கும் இறுதிப்போட்டிக்கும் மறுஆட்டம் கிடையாது. நுழைவுச்சீட்டு வருமானத்தில் செலவு போக மீதியின் பெரும்பகுதியை இரு கழகங்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதால், பெரிய கழகத்தின் அரங்கில் ஒரு மறுஆட்டம் கிடைப்பது சிறிய கழகம் ஒன்றின் ஓராண்டு வரவுசெலவையே மாற்றக்கூடியதாக இருந்தது.

விம்பிள்டன் பெயருக்கு நடந்த மோதல்

2012 திசம்பர் 2 அன்று நடைபெற்ற இரண்டாம் சுற்று ஆட்டம் ஒன்று நாடு முழுவதும் கவனிக்கப்பட்டது. அதில் மில்டன் கீன்ஸ் டான்ஸ் அணியும் ஏஎஃப்சி விம்பிள்டன் அணியும் முதன்முறையாக மோதின.

தென்மேற்கு இலண்டனைச் சேர்ந்த பழைய விம்பிள்டன் கழகம் 1988இல் லிவர்பூலை வென்று எஃப்ஏ கோப்பையைப் பெற்றது. அக்கழகத்தை இலண்டனுக்கு வெளியே உள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002இல் அனுமதி வழங்கப்பட்டது. இதை ஏற்காத இரசிகர்கள் அதே ஆண்டில் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கி, உள்ளூர் லீக்கின் அடிமட்டத்திலிருந்து மேலே வந்து 2011இல் நான்காம் பிரிவை அடைந்தனர். இடம் மாறிய கழகம் 2004இல் மில்டன் கீன்ஸ் டான்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

தங்கள் கழகத்தைப் பறித்ததாகக் கருதும் ஓர் அணியுடன் ஆடுவதா என்ற கேள்வி விம்பிள்டன் இரசிகர்களிடையே எழுந்தது. சிலர் அரங்குக்குச் செல்ல மறுத்தனர். ஆட்டம் 1–1 என்ற நிலையில் முடிவை நெருங்கியபோது, மில்டன் கீன்ஸின் ஜான் ஒட்செமோபோர் கூடுதல் நேரத்தில் குதிகாலால் தட்டிய பந்து வலைக்குள் விழுந்தது. மில்டன் கீன்ஸ் 2–1 என வென்றது. பின்னர் அவ்வணி நான்காம் சுற்றில் பிரீமியர் லீக் அணியான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்சை அதன் சொந்த அரங்கிலேயே 4–2 என வீழ்த்தி, ஐந்தாம் சுற்றில் பார்ன்சிலியிடம் தோற்றது.

சிறிய அணிகளின் வெற்றிகள்

மூன்றாம் சுற்று 2013 சனவரி தொடக்கத்தில் நடைபெற்றது. ஐந்தாம் பிரிவைச் சேர்ந்த மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன், சாம்பியன்ஷிப் அணியான கார்டிஃப் சிட்டியை 2–1 என வென்றது. ஏழாம் பிரிவைச் சேர்ந்த ஹேஸ்டிங்ஸ் யுனைடெட் இச்சுற்றில் ஆடிய அணிகளில் மிகக் கீழ்நிலையில் இருந்தது. அது மிடில்ஸ்பரோவிடம் 4–1 எனத் தோற்றது.

ஐந்தாம் பிரிவு அணியான மான்ஸ்ஃபீல்ட் டவுன் தன் அரங்கில் லிவர்பூலைச் சந்தித்தது. லிவர்பூலின் இரண்டாவது கோலை லூயிஸ் சுவாரெஸ் அடிப்பதற்கு முன் பந்து அவரது கையில் பட்டது. நடுவர் கோலை அனுமதித்தார். ஆட்டம் 2–1 என லிவர்பூலுக்குச் சாதகமாக முடிந்தது. காணொளி உதவி நடுவர் முறை அப்போது நடைமுறையில் இல்லை. அந்தக் கோல் மறுக்கப்பட்டிருந்தால், மான்ஸ்ஃபீல்டுக்கு ஆன்ஃபீல்ட் அரங்கில் ஒரு மறுஆட்டம் கிடைத்திருக்கக்கூடும் என்பதே சர்ச்சையின் மையமாக இருந்தது.

இப்பருவத்தின் மிகப் பெரிய அதிர்ச்சி முடிவு நான்காம் சுற்றில் வந்தது. சனவரி 26 அன்று ஐந்தாம் பிரிவைச் சேர்ந்த லூட்டன் டவுன், பிரீமியர் லீக் அணியான நாரிச் சிட்டியை அதன் அரங்கிலேயே 1–0 என வென்றது. மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய ஸ்காட் ரெண்டெல் ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் கோல் அடித்தார். 1989இல் சட்டன் யுனைடெட், கவென்ட்ரி சிட்டியை வென்ற பிறகு, முதல் நான்கு பிரிவுகளுக்கு வெளியே உள்ள ஓர் அணி முதற்பிரிவு அணியை எஃப்ஏ கோப்பையில் தோற்கடித்தது இதுவே முதல்முறை. அடுத்த சுற்றில் லூட்டன், மில்வாலிடம் 3–0 எனத் தோற்றது. பத்தாண்டுகளுக்குப் பின், 2023இல், லூட்டன் பிரீமியர் லீக்குக்கே தரமுயர்வு பெற்றது.

அதே சுற்றில் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த ஓல்டம் அத்லெட்டிக், லிவர்பூலை 3–2 என வென்றது. உயரமான முன்கள ஆட்டக்காரர் மாட் ஸ்மித் அதில் இரு கோல்கள் அடித்தார். ஐந்தாம் சுற்றில் எவர்ட்டனுக்கு எதிராகவும் அவரே கூடுதல் நேரத்தில் தலையால் முட்டி 2–2 எனச் சமன் செய்தார். மறுஆட்டத்தில் எவர்ட்டன் 3–1 என வென்றது. மற்றொரு மூன்றாம் பிரிவு அணியான பிரென்ட்ஃபோர்ட், செல்சியுடன் 2–2 எனச் சமன் செய்து, மறுஆட்டத்தில் 4–0 எனத் தோற்றது. லீட்ஸ் யுனைடெட், டாட்டன்ஹாமை 2–1 எனவும், ஐந்தாம் சுற்றில் பிளாக்பர்ன் ரோவர்ஸ், ஆர்சனலை அதன் அரங்கில் 1–0 எனவும் வென்றன.

இறுதிக்குச் சென்ற இரு பாதைகள்

மான்செஸ்டர் சிட்டி 2011இல் எஃப்ஏ கோப்பையையும் 2012இல் பிரீமியர் லீக் பட்டத்தையும் வென்றிருந்த அணி. இப்பருவத்தில் வாட்ஃபோர்டை 3–0, ஸ்டோக் சிட்டியை 1–0, லீட்சை 4–0, பார்ன்சிலியை 5–0 என வென்று, அரையிறுதியில் செல்சியை 2–1 என வீழ்த்தியது. இறுதிப்போட்டிக்கு முன் ஐந்து ஆட்டங்களில் 15 கோல்கள் அடித்து, ஒரே ஒரு கோலை மட்டுமே விட்டுக்கொடுத்திருந்தது.

விகனின் பாதை வேறு வகையானது. மூன்றாம் சுற்றில் மூன்றாம் பிரிவு அணியான போர்ன்மவுத்துடன் சொந்த அரங்கில் 1–1 எனச் சமன் ஆனது. மறுஆட்டத்தில் மௌரோ போசெல்லி அடித்த ஒரே கோலால் தேறியது. நான்காம் சுற்றில் மேக்கிள்ஸ்ஃபீல்டைத் தண்ட உதை மூலம் 1–0 என வென்றது. ஐந்தாம் சுற்றில் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுனை 4–1 என வீழ்த்தியது. காலிறுதி வரை அது ஒரு பிரீமியர் லீக் அணியைக்கூடச் சந்திக்கவில்லை.

குலுக்கலின் தயவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதைக் காலிறுதி காட்டியது. மார்ச் 9 அன்று எவர்ட்டனின் குடிசன் பார்க் அரங்கில், முதற்பாதியின் ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்குள் மேனோர் ஃபிகெரோவா, கால்லம் மக்மனமன், ஜோர்டி கோமெஸ் ஆகியோர் அடுத்தடுத்துக் கோல் அடித்தனர். விகன் 3–0 என வென்றது. ஏப்ரல் 13 அன்று வெம்பிளியில் நடந்த அரையிறுதியில் ஷான் மலோனி, மக்மனமன் ஆகியோரின் கோல்களால் மில்வாலை 2–0 என வென்றது. அந்த ஆட்டத்தின்போது மில்வால் இரசிகர்கள் சிலர் பார்வையாளர் பகுதியில் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டதும், காவல்துறையினர் தலையிட்டுக் கைது செய்ததும் வெற்றிச் செய்தியை மறைக்கும் அளவுக்குப் பேசப்பட்டன.

விகன் அத்லெட்டிக்கும் டேவ் வீலனும்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள விகன், கால்பந்தைவிட ரக்பி லீக் ஆட்டத்துக்கே பெயர்பெற்ற நகரம். விகன் அத்லெட்டிக் 1932இல் தொடங்கப்பட்டு, 1978இல்தான் நான்கு பிரிவுகள் கொண்ட தொழில்முறை லீக்கில் இடம்பெற்றது. 1995இல் தொழிலதிபர் டேவ் வீலன் கழகத்தை வாங்கியபோது அது நான்காம் பிரிவில் இருந்தது. பத்தே ஆண்டுகளில், 2005இல், அது பிரீமியர் லீக்கை எட்டியது.

வீலனுக்கும் எஃப்ஏ கோப்பைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1960 இறுதிப்போட்டியில் அவர் பிளாக்பர்ன் ரோவர்சுக்காக ஆடினார். முதற்பாதி முடிவதற்குள் அவரது கால் எலும்பு முறிந்தது. அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் தரவில்லை. மீதமிருந்த பத்துப் பேருடன் ஆடிய பிளாக்பர்ன், வுல்வர்ஹாம்ப்டனிடம் 3–0 எனத் தோற்றது. 53 ஆண்டுகளுக்குப் பின் அதே கோப்பையின் இறுதிப்போட்டியில், கழகத்தின் தலைவர் என்ற முறையில் விகன் அணியைக் களத்துக்கு அழைத்து வந்தவர் அவரே.

மேலாளர் ரொபெர்ட்டோ மார்ட்டினெசும் கழகத்துக்குப் புதியவர் அல்லர். ஸ்பெயினைச் சேர்ந்த அவர் 1995இல் ஆட்டக்காரராக விகனுக்கு வந்து, 2009இல் மேலாளராகத் திரும்பினார். குறைந்த செலவில் அமைந்த அணியைக் கொண்டு, பந்தைத் தம்வசம் வைத்துக் குறுகிய தொலைவில் கைமாற்றி ஆடும் முறையை அவர் கடைப்பிடித்தார். அதே முறையால் தற்காப்பில் இடைவெளிகள் விழுந்ததும், லீக் ஆட்டங்களில் கோல்கள் எளிதாக விழுந்ததும் உண்மை.

இறுதிப்போட்டி

இறுதிப்போட்டியை 86,254 பேர் நேரில் கண்டனர். ஆந்திரே மாரினர் நடுவராக இருந்தார். இரு அணிகளின் செலவுத் திறனுக்கும் இடையே இருந்த பெரும் வேறுபாட்டால், மான்செஸ்டர் சிட்டி எளிதாக வெல்லும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்த்தனர்.

ஆட்டம் அவ்வாறு அமையவில்லை. வலப்பக்கத்தில் ஆடிய 22 வயது மக்மனமன், சிட்டியின் தற்காப்பைத் திரும்பத் திரும்பத் தாண்டிச் சென்றார். கார்லோஸ் தெவெஸ் அருகிலிருந்து அடித்த பந்தை விகன் கோல் காப்பாளர் ஜோயல் ரோப்லெஸ் காலால் தடுத்தார். 84ஆவது நிமிடத்தில் மக்மனமனைத் தடுக்கி வீழ்த்திய பாப்லோ சபலேட்டா இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். சிட்டி பத்துப் பேருடன் ஆட வேண்டியதாயிற்று.

வழக்கமான 90 நிமிடங்கள் முடிந்து கூடுதல் நேரம் தொடங்கியதும் விகனுக்கு மூலை உதை கிடைத்தது. மலோனி உதைத்த பந்தை, முன் கம்பத்துக்கு அருகே ஓடி வந்த பென் வாட்சன் தலையால் முட்டிக் கோலாக்கினார். வாட்சன் 81ஆவது நிமிடத்தில்தான் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்தார். 2012 நவம்பரில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்து, பல மாதங்கள் ஆடாமல் இருந்து திரும்பியவர் அவர். ஆட்டநாயகனாக மக்மனமன் தேர்வானார். களத்தில் தலைமை தாங்கிய எம்மர்சன் பாய்சும், காயத்தால் ஆட முடியாத அணித் தலைவர் கேரி கால்ட்வெல்லும் சேர்ந்து கோப்பையை உயர்த்தினர்.

கோப்பையை வெல்ல விகன் ஏழு ஆட்டங்கள் ஆடி, 13 கோல்கள் அடித்து, இரண்டே கோல்களை விட்டுக்கொடுத்தது.

மூன்று நாட்களுக்குப் பின்

இறுதிப்போட்டிக்கு நான்கு நாட்கள் முன்பு விகன் லீக் ஆட்டத்தில் சுவான்சியிடம் சொந்த அரங்கில் 3–2 எனத் தோற்றிருந்தது. மே 14 அன்று ஆர்சனலிடம் 4–1 எனத் தோற்றதும் தரமிறக்கம் உறுதியானது. 36 புள்ளிகளுடன் 18ஆம் இடத்தில் முடித்த அணியின் எட்டாண்டுப் பிரீமியர் லீக் வாழ்வு அத்துடன் முடிந்தது.

இறுதிப்போட்டியில் தோற்று, அதே பருவத்தில் தரமிறங்கிய அணிகள் முன்பே உண்டு: 1926இல் மான்செஸ்டர் சிட்டி, 1969இல் லெஸ்டர் சிட்டி, 1983இல் பிரைட்டன், 1997இல் மிடில்ஸ்பரோ, 2010இல் போர்ட்ஸ்மவுத். லீக் கோப்பையை வென்று தரமிறங்கிய அணிகளாக 1985இல் நாரிச்சும் 2011இல் பர்மிங்காம் சிட்டியும் இருந்தன. ஆனால் எஃப்ஏ கோப்பையை வென்ற எந்த அணிக்கும் இந்நிலை அதற்கு முன் நேர்ந்ததில்லை.

ஒரே அணி எவ்வாறு நாட்டின் சிறந்த கோப்பை அணியாகவும், லீக்கின் கடைசி மூன்று அணிகளில் ஒன்றாகவும் இருக்க முடியும்? இரு போட்டிகளும் வெவ்வேறு திறன்களை அளக்கின்றன என்பதே விடை. லீக் அட்டவணை ஒன்பது மாத உழைப்பின் சராசரி. காயமடைந்தவர்களுக்கு மாற்றாக இறக்கத் தகுந்த ஆட்டக்காரர்கள் இல்லாத அணி அங்கே நாளடைவில் பின்தங்கும். அப்பருவத்தில் விகனின் தற்காப்பு வீரர்கள் பலர் காயத்தால் அவதிப்பட்டனர். கோப்பைக்குத் தேவைப்படுவதோ சில குறிப்பிட்ட நாட்களில் வெளிப்படும் உச்ச ஆட்டம். சமபலமுள்ள அணிகளே ஆடினாலும், 64 அணிகளில் ஓர் அணி ஆறு முறை தொடர்ந்து வெல்வதற்கான வாய்ப்பு 64இல் ஒன்றுதான். அந்த ஒன்று எந்த அணிக்கும் அமையலாம் என்பதே இப்போட்டியின் ஈர்ப்பு.

பண அடிப்படையில் பார்த்தால் இரண்டும் சமமல்ல. இறுதிப்போட்டி வெற்றிக்கு விகன் பெற்ற பரிசு 18 இலட்சம் பவுண்டு. அடுத்த பருவத்தில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்த கழகமே 6 கோடி பவுண்டுக்கு மேல் பெற்றது. கோப்பையை விட்டுக்கொடுத்து லீக்கில் நிலைத்திருந்தால் நல்லதா என்ற கேள்வி விகன் இரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படுவது இதனால்தான்.

பின்விளைவுகள்

மான்செஸ்டர் சிட்டி மே 13 அன்று மேலாளர் ரொபெர்ட்டோ மான்சினியைப் பதவிநீக்கம் செய்தது. லீக் பட்டம் வென்று அன்று சரியாக ஓராண்டு ஆகியிருந்தது. மார்ட்டினெஸ் அடுத்த மாதம் எவர்ட்டனின் மேலாளரானார். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் விகன் வாரியர்ஸ் அணி ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பையை வென்றதால், இரு ஆட்டங்களின் தேசியக் கோப்பைகளும் ஒரே நகருக்கு வந்து சேர்ந்தன.

கோப்பையை வென்றதால் விகன், இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டே 2013–14 ஐரோப்பா லீக்கில் பங்கேற்றது. ரூபின் கசான், மாரிபோர், சுல்டே வாரெகம் ஆகிய அணிகள் இருந்த பிரிவில் அது கடைசி இடம் பெற்றது. எஃப்ஏ கோப்பையில் மட்டும் அதன் திறமை குறையவில்லை. 2014 காலிறுதியிலும், மூன்றாம் பிரிவில் இருந்த 2018இல் ஐந்தாம் சுற்றிலும் மான்செஸ்டர் சிட்டியை மீண்டும் வென்றது. 2020இல் கழகம் கடனால் நிர்வாகியின் பொறுப்பில் விடப்படும் நிலைக்கு வந்தது. பின்னர் புதிய உரிமையாளர்களின் கைக்கு மாறியது.

போட்டியின் விதிகளும் மாறின. 2024–25 பருவம் முதல், முதன்மைப் போட்டியின் எல்லாச் சுற்றுகளிலும் மறுஆட்டம் நீக்கப்பட்டது. சமனில் முடியும் ஆட்டங்கள் அன்றே கூடுதல் ஆட்டநேரத்தாலும் தண்ட உதைகளாலும் தீர்க்கப்படுகின்றன. கீழ்ப்பிரிவுக் கழகங்கள் பல, தங்கள் வருமான வாய்ப்பு பறிபோவதாக இம்முடிவை எதிர்த்தன. 2012–13இல் ஓல்டமும் பிரென்ட்ஃபோர்டும் பெற்றது போன்ற மறுஆட்டங்கள் இனி இல்லை. போர்ன்மவுத்தில் நடந்த மறுஆட்டம் இல்லாதிருந்தால், விகனின் முதல் சுற்று ஆட்டமே அன்று தண்ட உதைகள் வரை சென்றிருக்கலாம்.